மழைக்குப் பிடித்த குடை

நேற்று மாலை எங்கள் அடுக்குமாடியில் லேசாகத் தூறியது. குழந்தைகள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் கார்மேல் நீலத் தார்ப்பாயை உதறி விரித்தார். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். ஐம்பதை நெருங்கும் வயதில் தூறலுக்கு நடுங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை ஒட்டி, தனபாக்கியம் அக்காவின் கொல்லையில், மானாவாரி நிலம்தான், இரண்டு சென்ட் பிடித்து எள் போட்டிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். தாகத்தில் வாடும் செடி பயந்துபோய்ச் சீக்கிரம் பூத்துவிடும். அதன் விதையை முளைக்கவைத்துத் தண்ணீர் காட்டி வளர்த்தாலும், தாய் பட்ட பயம் பிள்ளைச் செடிக்கு நினைவிருக்குமா? இதுதான் என் ஆராய்ச்சி. மரபணு மாறாது. இதைப் படி, இதை விடு என்று அதன்மேல் விழுகிற அடையாளங்கள்தான் மாறும். அவை விதைக்குள்ளும் போகின்றனவா என்று பார்க்க மூன்று தலைமுறைச் செடிகளை வாடவிட வேண்டும். இரண்டு முடிந்து, மூன்றாவது காய் பிடித்திருந்தது.

"இப்ப மழ பட்டுச்சுன்னா மொதல்லேருந்துதாம்மா" என்று கைடு சார் சொல்லியிருந்தார். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. முதலிலிருந்து என்றால் எனக்குக் கல்யாணம் என்று அர்த்தம். வீட்டில் ஜாதகம் எடுத்து வைத்துவிட்டார்கள்.

அதனால் செடிகளைச் சுற்றிச் சவுக்குக் கம்புகள் நட்டு, ஒரு பக்கம் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன். அதை விரிக்க வேலையே வரவில்லை. ஊரில் இரண்டு வருடமாக மழை இல்லை. பக்கத்துக் கொல்லை செல்வராசு அண்ணனின் பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. மாரியம்மன் கோயிலில் மழை வேண்டிக் கஞ்சி ஊற்றினார்கள். நானும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, எல்லோரும் கைகூப்பி நின்ற இடத்தில், 'அம்மா, காய் முத்துற வரைக்கும் பொறுத்துக்கோ' என்று மனதுக்குள் சொன்னேன். உடனே திக்கென்றது. பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரமே வானம் கறுத்தது. மண்வாசனை வந்ததும் ஊரே தெருவில் இறங்கிவிட்டது. நான் கொல்லைக்கு ஓடினேன், அக்காவும் பின்னாலேயே வந்தார். அக்கா ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடிக்க, பாயை இழுத்துக் கட்டினோம். பெரிய பெரிய துளிகள் அதன்மேல் படபடவென்று விழுந்தன. திரும்பிப் பார்த்தால் வரப்பில் ஆட்கள். முன்னால் செல்வராசு அண்ணன்.

"ஏம் புள்ள, ரெண்டு வருசமா வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறோம். வந்த மழைக்குக் கொட புடிக்கிறியா?"

"ரெண்டு சென்ட்டுதாண்ணே..."

"ரெண்டு சென்ட்டுன்னு மழைக்குத் தெரியுமா? வேணாங்குறாங்கன்னு போயிடும். பிரி."

பின்னால் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் யார் கையிலோ அரிவாள் இருந்தது. கயிற்றை அறுக்கத்தான் என்று இப்போது புரிகிறது. அன்று என் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. மரபணு, அடையாளம், மூன்று தலைமுறை என்று விளக்க வாயைத் திறந்தேன். தனபாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார்.

"வுட்ரு தாயி. நீ நாளைக்கு பஸ் ஏறிப் போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்."

அவர் முனையை விட்டுவிட்டார். என் முனையை நானே அவிழ்த்தேன். நனைந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. காற்று பாயைத் தூக்கிப்போய் முள்வேலியில் போட்டது. மழை கொட்டியது. ஆட்கள் அண்ணாந்து வாயைத் திறந்து குடித்தார்கள். நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். செல்வராசு அண்ணன் என் எதிரில் குந்தி, தொங்கிக் கிடந்த ஓர் இலையை விரலால் நிமிர்த்தினார்.

"அழுவாத புள்ள. உன் செடிக்கும் உசுரு வந்துருச்சு பாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் அந்த இலையைப் பார்த்தேன்.

அப்புறம் கைடு சார் எப்படியோ ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கித் தந்தார். கூரை போட்ட கூடத்தில், தொட்டியில் எள் வளர்த்துப் பட்டம் வாங்கினேன். இன்று என் ஆய்வுக்கூடத்தில் முதல் துளி பட்டதும் கூரை தானே மூடிக்கொள்கிறது. வரப்பில் நின்று கேட்க யாரும் இல்லை. கொல்லையில் நனைந்த அந்தச் செடிகளின் பிள்ளைகளுக்கு எது நினைவில் நின்றிருக்கும், தாகமா, மழையா? எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

போன வருடம் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கினேன். சுண்ணாம்புக்கல் தோண்டுகிற சிமெண்ட் ஆலைக்குக் கொல்லைகளையெல்லாம் விற்றுவிட்டார்கள். அக்கா தன் மகனோடு திருச்சிக்குப் போய்விட்டாராம். செல்வராசு அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கொல்லை இருந்த இடத்தில் பெரிய பள்ளம். அதன் அடியில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கி நின்றது. பார்த்துக்கொண்டிருந்தபோதே தூறல் போட்டது. என் கை பழையபடி தார்ப்பாயின் முனையைத் தேடியது. மூடுவதற்குத்தான் அங்கே ஒரு செடியும் இல்லை.