குவிமாடத்திலிருந்து கழன்று விழுந்த சீமெந்து

ஒன்றரை வருடம் என் பிள்ளைகள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுப் படுத்தார்கள். அதற்குக் காரணம் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மூப்பர் மரியாம்பிள்ளை. சகோதரங்களே, அவன் பெயரை மறைத்து நான் சாட்சி சொல்லப்போவதில்லை.

நான் மேசன். எழுபதாம் ஆண்டளவில் கோயிலின் குவிமாடம் ஒழுகியது. வடகரையில் எங்கள் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பில் நாலு உருண்டைத் தூண், அதன்மேல் முக்கோணச் சுவர், பின்னால் அந்தப் பெரிய குவிமாடம். வெள்ளைக்காரக் குருமார், அந்தக் காலத்துச் சுவாமிமார், கடலில் வெட்டிய முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியது. அந்தக் கல் மழையைக் குடிக்கும், வெயிலில் மூச்சுவிட்டுக் காயும். அதனால் வெளி வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து, உள்ளேயும் சுண்ணாம்பே பூசினேன். அது காய மாதக்கணக்கு வேண்டும்.

மரியாம்பிள்ளைக்குத் திருநாளுக்கு முன் எல்லாம் பளபளக்க வேண்டும். "உன்ரை சுண்ணாம்பு காயிறதுக்குள்ளை நாங்கள் மோட்சம் போயிடுவம். இறங்கடா!" என்று, மரம் கட்டி நின்று பூசுகிற சாரத்திலிருந்து என்னை இறக்கினான். தன் ஆட்களை ஏற்றி, ஈரச் சுண்ணாம்பின் மேல் சீமெந்தைப் பூசுவித்தான். மணல் கடற்கரை மணல். கழுவவும் இல்லை.

அடுத்த மாரியில் ஈரம் வெளியேற வழியில்லாமல் குவிமாடமெல்லாம் கறுத்து ஊறியது. அவன் சனத்துக்கு முன்னால் என்னைக் காட்டி, "உவன்தான் அழுகின சுண்ணாம்பைப் பூசிக் கோயிலைக் கெடுத்தவன்" என்றான். ஊர் நம்பியது. பிறகு ஒரு கிணற்றுக்கட்டுக்குக்கூட என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. "வன்னிக்குப் போவமப்பா. இனி இஞ்சை மானமாய் இருக்கேலாது" என்று மனைவி அழுதாள்.

நான் போகவில்லை. தினமும் அந்தக் குவிமாடத்தின் கீழ் முழங்காலில் நின்றேன். மன்னிக்கும் வரம் கேட்கவில்லை. "ஆண்டவரே, அவனை இதே இடத்திலை, இதே சனத்துக்கு முன்னாலை விழுத்தும்" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் மாரியும் போய், திருநாள் பூசை வந்தது. கோயில் நிறையச் சனம். நற்கருணை வாங்க மரியாம்பிள்ளையின் வரிசை முழுவதும் பீடத்தடிக்குப் போயிருந்தது. மேலே ஒரு சத்தம். கதவளவு சீமெந்துப் பூச்சு கழன்று, அவன் முழங்காலிட்டிருந்த இடத்திலேயே விழுந்து நொறுங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. அவன் தலை தப்பியது அப்போது எனக்குக் கவலைதான். பொய் சொல்லமாட்டேன்.

பூசை முடிந்ததும் சுவாமி ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்பு. கடல் மணல்" என்றார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். சீமெந்து போன இடத்தில் என் சுண்ணாம்பு உதிராமல் வெள்ளையாக நின்றது.

"உது... மழை செய்த வேலை" என்றான் மரியாம்பிள்ளை.

மீன் விற்கிற திரேசம்மா விட்டாளா? "ஓம் மூப்பர், மழைதானே சீமெந்து குழைச்சது! கருவாட்டுக்குப் போடுற உப்பையெல்லோ கோயிலுக்குப் பூசியிருக்கிறியள்!"

கோயிலுக்குள்ளேயே சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் ஆண்டவர் கையிலிருந்தே வாங்கினேன்.

சுவாமி என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். "மூப்பர் பொய் சொன்னதெண்டு அவரே பீடத்தடியிலை நிண்டு சொல்லட்டும். பிறகுதான் சாரத்திலை ஏறுவன்" என்றேன். அடுத்த ஞாயிறு சொன்னான். முன்வாங்கில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

சீமெந்து முழுவதையும் கொத்தி எடுத்து, திரும்பச் சுண்ணாம்பு பூசி ஆறுதலாய்க் காயவிட்டேன். அதன்பின் எத்தனை மாரி வந்தும் குவிமாடம் ஒழுகவில்லை. முன்பு நான் நத்தாரில் பாலன் பிறப்புக்கும் திருநாளுக்கும் மட்டும் கோயிலுக்குப் போன ஆள். இப்போது ஒரு பூசை தவறுவதில்லை. மரியாம்பிள்ளைக்கு மட்டும் இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஏனென்று ஆண்டவர் கேட்கிறார். நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

உங்களையும் ஒருவன் பொய்யால் மிதித்திருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். கோயிலுக்கு வாருங்கள். நல்லவர் மாதிரி நடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டே கேளுங்கள். கோபக்காரன் குரலும் அவருக்குக் கேட்கிறது. நன்றி, ஆண்டவரே.