ஸ்கேல் எழுதிய உறவு

எங்கள் உரிமப் பிரிவில் அவனுக்கு ஸ்கேல் என்று பெயர். கையெழுத்துப் போட்டால் அதற்கு அடியில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுக்காமல் பேனாவை மூட மாட்டான். மாநகராட்சியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ஒருவன் பிழைக்கத் தெரியாமல் இருந்தான் என்றால் அதற்குக் காரணம் அவனுடைய அக்கா. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள். அவள் பார்த்துக்கொண்டவரை பிழைக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை.

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழேதான் அக்காவின் ஜெராக்ஸ் கடை. இடம் மாநகராட்சிக்குச் சொந்தம். அவள் புருஷன் ஓடிப்போவதற்கு முன்பு, ஸ்கேல் வேலையில் சேர்வதற்கும் முன்பு வாடகைக்கு எடுத்தது. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், சூடான காகித வாசனை. மனு போட வருகிற ஜனங்களிடம் காசு, அலுவலக ஆட்களுக்கு இலவசம். மத்தியானம் ஸ்கேல் இறங்கிப் போனால் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளி, "சாப்பிடுடா, ஆறிப்போச்சு" என்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் காலத்தைத் தள்ளியவனுக்கு வீடு வாசல் எல்லாம் அந்த ஸ்டூல்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் சொத்து விவரப் படிவம் வரும். அதில் ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்தார், உறவினர் யாருக்காவது மாநகராட்சியோடு கொடுக்கல் வாங்கல் உண்டா? எங்கள் அதிகாரி தன் படிவத்தை நிரப்பி மாதிரிக்கு என்று கீழே அனுப்புவார். அதை அக்கா கடையில் பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்றாக மேஜையில் வைத்துப் பார்த்து எழுதுவோம். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. ஸ்கேல் மட்டும் அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுவிடுவான். அதிகாரியின் மச்சினன் ஊர் முழுக்கச் சாக்கடைக்கு மூடி போடுகிற ஒப்பந்தக்காரர், அவர் 'இல்லை'. என் மாமனார் மாநகராட்சிக்கு ஓட்டுகிற தண்ணீர் லாரிகளும் 'இல்லை'. எங்கள் டிரைவர் ஒருமுறை பார்த்து எழுதுகிற வேகத்தில், மனைவி பெயர் என்ற இடத்தில் அதிகாரி மனைவியின் பெயரையே எழுதிவிட்டான். காகிதப்படி அந்த அம்மாளுக்கு இரண்டு புருஷன். பல வருஷம் அப்படியே குடும்பம் நடந்தது, ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பிறகு புது ஆணையர் ஒருவர் வந்தார். படிவங்களை இணையத்தில் போடுவோம், பொய் எழுதினால் நடவடிக்கை என்று சுற்றறிக்கை விட்டார். நாங்கள் சிரித்தோம். ஸ்கேல் நம்பினான். 'உடன்பிறந்த அக்கா ஒருவர். மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை. வாடகைக் கோப்பு என் பிரிவுக்கு வரும்போது நான் அதைத் தொடுவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோடு இழுத்தான். அந்தப் படிவத்துக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தவள் அக்காதான். அவள் எந்தக் காகிதத்தையும் படிக்க மாட்டாள், படித்தால் அங்கே தொழில் நடக்காது.

படிவங்கள் வெளியே வந்ததும் ஒரு பத்திரிகைக்காரன், இவ்வளவு பெரிய அலுவலகத்தில் எல்லோரும் அநாதைகளா என்று கிண்டலாக எழுதிவிட்டான். ஆணையருக்கு யார் மீதாவது நடவடிக்கை எடுத்துக் காட்டியாக வேண்டும். மறைத்தவனைப் பிடிக்க ஆதாரம் தேட வேண்டும். ஸ்கேல் ஆதாரத்தைத் தானே எழுதி, கோடும் போட்டுக் கொடுத்திருந்தான்.

அதிகாரி அக்காவையும் தம்பியையும் அறைக்குக் கூப்பிட்டார். கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

"தம்பி இங்க வேலை பாக்கறார். விதிப்படி வாடகையைப் புதுப்பிக்க முடியாதும்மா. கடையைக் காலி பண்ணிடுங்க" என்றார் அதிகாரி.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க சார். கடை போனா நாங்க என்ன பண்றது?"

"ஒரு வழி இருக்கு. இவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் ஒரு சிக்கலும் வராது."

"சார், அது பொய்யாயிடுமே" என்றான் ஸ்கேல்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "நீ எழுதுன உண்மை போதும்டா. என் புள்ளைங்க வயித்துல அடிச்சிட்ட. வாயை மூடிட்டு நில்லு."

அவன் சட்டைப் பையிலிருந்தே பேனாவை உருவி, நின்றவாக்கில் எழுதினாள். எங்கேயும் நிறுத்தவில்லை. அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் பிரிவு எழுத்தர், அதாவது அவனே. போட்டான். வழக்கம்போல அடியில் கோடு இழுத்தான்.

அடுத்த வாரமே அவனுக்கு மெமோ வந்தது. இல்லாத அக்காவை இருப்பதாகக் காட்டிப் பொய்த் தகவல் கொடுத்தான் என்பது குற்றச்சாட்டு. அக்காவின் எழுத்து சாட்சி. அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அவன் மேல் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"உன்னோடதும் அக்காவோடதும் ஸ்கூல் சர்டிஃபிகேட்ட காட்டுய்யா. ரெண்டுலயும் ஒரே அப்பா பேருதானே இருக்கும். தப்பிச்சிடலாம்" என்றேன்.

"நான் தப்பிச்சா கடை போயிடும்ல."

விசாரணையில் அவளை எதிரில் நிறுத்தி, இவங்க யார் என்று அவனைக் கேட்டார்கள். "கடைக்காரம்மா சார்" என்றான். பொய்யே எழுதாதவன் அன்றைக்குத்தான் முதல் பொய்யைச் சொன்னான், அதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள். ஊதிய உயர்வை நிறுத்தி, குப்பை வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். பொய் விவரம் கொடுத்துத் தண்டிக்கப்பட்டவர் என்று இன்றுவரை எங்கள் இணையப் பக்கத்தில் இருப்பது அவன் ஒருவன்தான்.

"அந்தக் காகிதம் ஆபீசுக்குத்தானே, வீட்டுக்கு இல்லையே" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் சேர்ந்து பார்த்தால் கடை ரத்து என்று அதிகாரி அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அக்கா வீட்டுக்குப் போனவனிடம் அவளுடைய பெரிய பெண் ஜன்னல் வழியாகவே, "அம்மா உங்கள வர வேணாம்னு சொல்லிட்டாங்க மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய அவனுக்குத் தண்டனை ஆணையின் பிரதி தேவைப்பட்டது. ஊரில் வேறு ஜெராக்ஸ் கடையே இல்லாத மாதிரி அங்கேதான் வந்தான். மத்தியானம், அதிகாரி வெளியே போயிருந்தார். நான் மாடிப்படி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தவன், குரல் கேட்டு நின்றுவிட்டேன். அவர்களுக்கு நான் தெரியவில்லை. அவன் பழக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினான். அவள் வாங்கி மிஷினில் வைத்தாள்.

"யாரும் இல்லக்கா இங்க" என்றான் மெதுவாக.

"ஒரு செட்டு போதுங்களா?"

"அக்கா. நாந்தான்க்கா."

அவள் பிரதியை எடுத்து, ஓரம் தட்டி, அசலோடு சேர்த்து வைத்தாள். "காசை அங்க வைங்க. ஸ்டூல்ல இருந்து கொஞ்சம் எந்திரிங்க, கஸ்டமர் வருவாங்க."

அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, தெருதான் இருந்தது. எழுந்தான். பையைத் துழாவிக் காசை வைத்தான். மூடிய டப்பா மிஷின் பக்கத்தில் இருந்தது, அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். மீதிச் சில்லறையை அவள் எண்ணி மேஜைமேல் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனான்.

அவன் தெருவில் மறையும்வரை நான் காத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய் என் காகிதத்தை நீட்டினேன். அந்த வருஷத்து மாதிரிப் படிவம், அதிகாரி கொடுத்தனுப்பியது. அக்கா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். நான் காசு எடுக்கப் போனேன்.

"உங்ககிட்டப் போயி காசு வாங்குவனா சார்?" என்றாள்.