முள் மூடிய ஊற்று

நாவில் முதலில் படுவது சேற்றின் குளிர்ச்சி, அதற்குப் பின்னால்தான் மெல்ல ஓர் இனிப்பு. சிரட்டையால் மொண்டு குடித்த ஊற்றுத் தண்ணீர் எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது. சாயல்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர்ப்பு. கோடையில் ஊருணி வற்றியதும் அதன் தரையில் வீட்டுக்கு ஒரு குழி மார்பளவு தோண்டுவோம், அதுதான் 'ஊத்து'. இரவில் ஊறியதை விடிந்ததும் மொண்டு குடத்தில் நிரப்பி, குழியின் வாயை ஓர் உடைமரத்து முள்கிளையால் மூடிவிட்டு வருவோம். அந்த முள்தான் பூட்டு. அடுத்தவர் முள்ளை எடுத்தாள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

ஊரை விட்டு வந்தவர்கள் இங்கே பினாங்கில் கூடும்போது, 'அங்கே பூட்டே கிடையாது, எல்லாம் நம்பிக்கை' என்று யாராவது உருகுவார்கள். நாங்கள் ஒருவரையொருவர் நம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எனக்குப் பதினொரு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது, தண்ணீர் மொள்ளுவது என் வேலையாகியிருந்தது. இரண்டு குடம் நிரம்ப வெயில் ஏறிவிடும். ஓரிடத்தில் உட்காருவது அப்போதே எனக்கு ஆகாது. ஒரு நாள் நடுப்பகலில், ஊருணியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அய்யாவின் கடப்பாரையைக் கொண்டுபோய் ஊற்றை இன்னும் ஆழமாக்கினேன். நல்ல தண்ணீருக்கு அடியில் இறுகிய களிமண் அடுக்கு ஒன்று உண்டு. அது கீழே இருக்கிற உவர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் தாங்குவது அந்த அடுக்குதான். 'அடிக்களியத் தொட்டா குடி கெடும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தேன்தான். அவர்கள் எதைத்தான் தொடலாம் என்றார்கள்? கை கொப்புளிக்க இடித்து உடைத்தேன். மறுநாள் தண்ணீர் பாதியானது. நான்காம் நாள் ஒரு குடம்கூடத் தேறவில்லை.

அம்மாவுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. பக்கத்து ஊற்று பேச்சி அத்தையுடையது. புருஷன் இல்லாதவள், கல்யாண வயதில் ஒரு மகள், அபிராமத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அம்மா எங்கள் முள்ளைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தாள். விடிந்து பார்த்தால் சாம்பலில் ஒரு தடம் இல்லை, தண்ணீர் மட்டும் இன்னும் குறைந்திருந்தது. "தடம் விழாம எடுத்திருக்கா பாரு, எம்புட்டுக் கைகாரி!" என்றாள் அம்மா.

அன்றைக்கே அத்தனை பெண்கள் முன்னால் கேட்டும் விட்டாள்.

"ஏன் மதினி, எங்கொடம் காயுது, ஒங்கொடம் மட்டும் தளும்புதே, என்ன சங்கதி?"

பேச்சி அத்தை இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. "ஒன் மூஞ்சியப் பாத்துத் தண்ணி ஓடி ஒளிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிப்புக் காட்டாத. முள்ளத் தொட்டியா இல்லையா?"

"தொட்டிருந்தா எங்கையி அழுகட்டும். தொடலேன்னா ஒன் நாக்கு என்னாகணும்னு நீயே சொல்லு. இப்ப அந்த முள்ள நீ எடு, நான் பாக்குறேன்."

அம்மா எடுத்தாள். அத்தை குடத்தை இறக்கிவைத்து, எங்கள் ஊற்றில் ஒரு சிரட்டை மொண்டு வாயில் விட்டுத் துப்பினாள். அன்றைக்கு ஊறியதில் உப்பு ஏறியிருந்தது. ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் உள்ளங்கைகளைப் பார்த்தாள். நான் கைகளைப் பாவாடைக்குள் மறைத்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று நின்றேன்.

"அடிக்களி விட்டுப்போச்சு. வெயிலுக்கு வெடிச்சிருக்கும்" என்றாள்.

தண்ணீருக்கு அடியில் கிடக்கும் களி வெயிலுக்கு வெடிக்காது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவளுக்கே எதிராகத் திரும்பியது. "மடியில கனம் இல்லாட்டி எதுக்கு மழுப்புறா?" என்று அம்மா வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் உள்ளங்கைகளை மடக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அந்தக் கோடை முடியும்வரை பேச்சி அத்தை தன் ஊற்றில்தான் எங்களையும் மொள்ளவிட்டாள். அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவளை ஏசினாள். பேச்சு எப்படியோ அபிராமத்தை எட்டியது, அவர்கள் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அத்தையின் மகள் தொண்டிப் பக்கம் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள்.

நானும் வயது வந்ததும் கப்பலேறி, நாலைந்து ஊர்களில் வேலை பார்த்து, இப்போது இங்கே ஒரு வீட்டில் சமைக்கிறேன். நான் கிளம்பும்போது வீட்டுக்காரி தினமும் என் பையைத் திறந்து பார்த்து, சிரித்து, வழியனுப்புகிறாள். என்ன காணோம், எதைத் தேடுகிறாள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் சந்தேகத்துக்கு வாய் இருந்தது. கேட்பார்கள், திருப்பிக் கேட்கலாம், தண்ணீரைத் துப்பிக் காட்டலாம். அந்த வாழ்க்கையில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான்.

பேச்சி அத்தை போன மாசியில் இறந்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறான். ஊருக்குக் குழாய் வந்துவிட்டதாம், ஊற்றுத் தோண்ட ஊருணியில் யாரும் இறங்குவதில்லையாம். உடைத்தவள் நான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தது வெட்கத்தாலா, அவள் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தேனா? வெட்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதை நம்ப முடியவில்லை.