நகரும் இலக்கம்

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய திரை. அதன் நான்கு கால்களிலும் இருக்கும் ஈயத்தை ஒவ்வொன்றாக உருக்கி எடுக்கின்றன இரண்டு கைகள். அவசரப்பட்டால் மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். கடைசிக் கால் இளகியதும் வலது கை திரையைப் பிடுங்கவில்லை. பலகையைச் சரித்து, அது தானாகக் கழன்று விழும்வரை காத்திருக்கிறது.

அன்ரோனெற்றின் கடை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. அவளுடைய தகப்பன் பேசாலையில் ரேடியோவும் படகு எஞ்சினின் வயரிங்கும் திருத்தியவர். அந்த வேலையைப் பார்த்தே பழகியவள், யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபின் கைத்தொலைபேசி திருத்தத் தொடங்கினாள். பிறகு சிறிய கணினிப் பலகைகளை வாங்கி, அவற்றின் விளக்கத்தாள்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். தன் மேசையில் ஓடவிட்டுப் பார்க்காத எதையும் அவள் வெளியே கொடுப்பதில்லை.

இந்தத் திரை எருக்கலம்பிட்டிச் சரீபாவின் குஞ்சு பொரிக்கும் பெட்டியினுடையது. புத்தளத்திலிருந்து திரும்பிவந்து குடியேறிய சரீபா, அயலிலுள்ள பெண்களின் முட்டைகளை வாங்கிக் குஞ்சாக்கிக் கொடுத்துச் சீவிக்கிறார். பெட்டிக்குள் சூடு முப்பத்தேழரைப் பாகையில் நிற்க வேண்டும். அதிகம் ஏறினாலோ இறங்கினாலோ கரு தங்காது. பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும் அன்ரோனெற்தான்.

"மூண்டோ எட்டோ எண்டு விளங்கேல்லைப் பிள்ளை," என்றார் சரீபா. "இலக்கத்தில பாதி வெளிச்சம், பாதி இருட்டு."

அன்ரோனெற் திரையைக் கழற்றுமுன்பே முழுவதையும் ஒளிரவிட்டுப் பார்த்திருந்தாள். வெளிச்சத்தின் நடுவே 37.5 என்ற இலக்கம் நிழலாக நின்றது. இந்த வகைத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எரிய எரிய மங்குகிறது. இரவு பகலாக ஒரே இடத்தில் ஒரே இலக்கத்தைக் காட்டியதால் அந்தப் புள்ளிகள் மட்டும் தேய்ந்துபோயிருந்தன.

"இது இனி அழியாது அக்கா. புதுசு போடவேணும். ஆனால் அதுவும் இப்பிடித்தான் ஆகும், சும்மா விட்டால்."

ஆகவே அவள் புதிய திரையை ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும்படி செய்தாள். பொத்தானை அமத்தினால் இலக்கம் வரும். சரீபா அமத்திப் பழகிக்கொண்டு போனார்.

பிழை அங்கேதான் நடந்தது. சரீபா சந்தைக்குப் போன ஒரு காலையில் அவருடைய மச்சாள் கைருன்னிசா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இருண்டு கிடந்தது. பெட்டி இருண்டால் கரண்ட் இல்லை. அந்த ஊரில் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். பொத்தானைப் பற்றிக் கைருன்னிசாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் முட்டைகளைப் பேசினில் அடுக்கி, சால்வையால் மூடிக்கொண்டு, அடைக்கோழி தேடி வீடுவீடாக ஓடினார். சரீபா திரும்பி வந்தபோது வெறும் பெட்டி நல்ல சூட்டோடு இருந்தது. முட்டைகளில் பெரும்பகுதி பொரிக்கவில்லை.

"பொம்பிளையள் இன்னொருக்கால்தான் முட்டை தருவினமாம்," பலகையை மேசையில் வைத்தபடி சொன்னார் சரீபா. "அதுவும் பிழைச்சால் இனி என்னட்டை ஒருத்தரும் முட்டை தரமாட்டினம். மச்சாள் அண்டைக்குத் துவங்கின அழுகை, இன்னும் நிப்பாட்டேல்லை."

"அவவில பிழையில்லை. என்ர வேலைதான் பிழைச்சது," என்றாள் அன்ரோனெற். "இது இனி இருளாது. திரையும் தேயாது. ரெண்டும் செய்யலாம்."

அவள் புரோகிராமைத் திரும்ப எழுதினாள். ஒளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாள். இலக்கம் நிமிடத்துக்கொரு முறை சில புள்ளிகள் தள்ளி நின்றது. மேலே, பக்கத்தில், கீழே என்று திரை முழுவதும் சுற்றிவந்தது. ஒரு மணித்தியாலம் இருட்டில் வெள்ளை எழுத்து, அடுத்த மணித்தியாலம் வெள்ளையில் கறுப்பு எழுத்து. எரிந்த புள்ளிகள் ஓய்வெடுக்க, ஓய்ந்தவை எரிந்தன.

அன்று கடலுக்குப் போகாமல் நின்ற புருஷன் பேதுரு, சாப்பாடு கொண்டுவந்து மேசையைக் குனிந்து பார்த்தான்.

"என்னப்பா, இலக்கமும் மன்னார்க் கழுதை மாதிரித் திரியுது?"

"திரியிற கழுதைக்கு ஒண்டும் ஆகாது. நடுறோட்டில நிக்கிறதுதான் பஸ்ஸில அடிபடும்."

"அப்ப என்னையும் கடலுக்குப் போ எண்டு சொல்லுறாய்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ."

வெற்றுப் பெட்டியொன்றில் பலகையைப் பொருத்தி, பாதரச வெப்பமானியையும் உள்ளே வைத்து, இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று நாட்கணக்கில் பார்த்தாள். பிறகு திரையை முழுவதும் ஒளிரவிட்டாள். நிழல் எங்கும் இல்லை.

எருக்கலம்பிட்டிக்குப் பலகையை அவளே கொண்டுபோனாள். வாசலில் இரண்டு பெண்கள் முட்டைக் கூடைகளோடு நின்றார்கள். கூடையை இன்னும் யாரும் கீழே வைக்கவில்லை. வாங்குவதற்குச் சரீபா கையை நீட்டினார்.

"பொறுங்கோ அக்கா. முதல்ல மச்சாள் வாசிக்கட்டும்."

கைருன்னிசா தயங்கித் தயங்கி வந்தார். அன்ரோனெற் பெட்டியில் பலகையைப் பொருத்திக் கரண்டைக் கொடுத்தாள். சூடு ஏறும்வரை எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முப்பத்தேழு... அஞ்சு," என்றார் கைருன்னிசா. சற்றுப் பொறுத்து, "தங்கச்சி, இது அசையுது," என்றார்.

"அசையிறவரைக்கும் பெட்டி வேலை செய்யுது. அசையாமல் நிண்டால் எனக்குப் போனில ஒரு கோல் எடுங்கோ. இருண்டால்தான் கரண்ட் இல்லை."

கைருன்னிசா இன்னொரு நிமிடம் பார்த்தார். இலக்கம் தள்ளி நின்றது. அவர் வாசலுக்குப் போய் முதல் கூடையை வாங்கி வந்தார். அன்ரோனெற் பெட்டியின் மூடியைத் திறந்து, முட்டைகளை அடுக்க அவருக்கு இடம் விட்டாள்.