ஹெட்டுக்குள் எவ்வளவு பிடிக்கும்?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஹெட் கடைகிறவனிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேகம். அவர்கள் ஊற்றப்போவது மட்டும் சந்தியிலுள்ள பெற்றோல் செற்றில் அடிக்கிற சாதாரணச் சரக்கு.

உடுவிலில் எனக்கொரு லேத் பட்டறை இருக்கிறது. சிலிண்டருக்கு மூடியாக இருக்கிற ஹெட்டின் உட்புறத்தில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு குழி இருக்கும். அதை நாங்கள் டோம் என்போம்; குழியுள்ள அந்தத் துண்டைத் தனியாகக் கடைந்து மாற்றிப் பூட்டவும் செய்யலாம். குழி சிறிதானால் அமுக்கம் கூடும், வண்டி சீறும். ஆனால் சாதாரணப் பெற்றோல் அந்த அமுக்கத்தைத் தாங்காது. நேரத்துக்கு முன்பே வெடிக்கும், டின்னுக்குள் கச்சான் கடலை போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் கேட்கும், கடைசியில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். குழியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எஞ்சின் பிழைக்கும், வண்டிக்காரரின் முகம் வாடும். கை கறுத்த சகபாடிகளே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும்.

தலைக்கு ஊசி

குழியின் கொள்ளளவை அளக்க, பிளக் துவாரத்தால் ஊசியில் எண்ணெய் விட்டுப் பார்ப்போம். என்னுடைய ஊசியில் இருந்த அளவுக் கோடுகளை, கழுவுகிற பெற்றோல் தின்றுவிட்டது. புதிது வாங்கச் சுன்னாகத்தில் ஒரு பார்மசிக்குப் போனேன். "ஆகப் பெரிய ஊசி ஒண்டு தாங்கோ அக்கா" என்றேன்.

"ஆருக்குத் தம்பி?"

"ஹெட்டுக்கு."

"தலைக்கோ?"

"ஓம். உள்ளுக்கு எவ்வளவு பிடிக்குதெண்டு எண்ணெய் விட்டு அளக்கோணும்."

வரிசையில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். நான் அவசரமாகப் பையிலிருந்த ஹெட்டை எடுத்துக் காட்டினேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு ஊசியைப் பொதி செய்துகொண்டே சொன்னார்: "அளக்கிறது உண்மையெண்டால் சொல்லுங்கோ, எங்கடை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாறன், உள்ளுக்கு ஏதும் கிடக்கோ எண்டு எனக்குக் கனகாலமா ஒரு சந்தேகம்."

கனடாவிலிருந்து வந்த டோம்

துஷ்யந்தி ரீச்சர் பண்டத்தரிப்பில் கணக்குப் படிப்பிக்கிறவர். தகப்பனின் பழைய டூ ஸ்ட்ரோக்கில்தான் பள்ளிக்கூடம் போவார். கனடாவிலிருக்கிற அவருடைய தமையன், தங்கைக்குப் பரிசாக ஒரு டோம் பார்சலில் அனுப்பியிருந்தார். சிவப்புப் பூச்சு, கண்ணாடி போன்ற மினுக்கம், ஷோகேஸில் வைக்கலாம். வேறொரு கடையில் பூட்டி மூன்றாம் நாள், கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ரீச்சர் என்னிடம் வந்தார்.

அளந்து பார்த்தேன். ரேஸ் ஓடுகிற இடத்தில் விற்கிற விசேஷப் பெற்றோலுக்கென்று செய்த டோம் அது. எங்கள் தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் பெற்றோலுக்குச் சரிவராது. ரீச்சர் தமையனை வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. "இஞ்சை எல்லாரும் உதைத்தான் போடுறாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. உங்கை பூட்டினவனுக்குத்தான் வேலை தெரியாது" என்றார் அவர். நான் ஊசியைக் காட்டினேன், கணக்கைச் சொன்னேன். மனிதர் மசியவில்லை. கால் மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ரீச்சர் போனைத் தன் பக்கம் திருப்பினார். "சரி அண்ணை, நீ சொல்லுறது சரியாவே இருக்கட்டும், அப்ப ஒவ்வொரு மாசமும் பெற்றோலையும் பார்சல் போட்டு விடு."

பின்சீற்றுக் காது

நிஸாம் நானா புத்தளத்தில் வளர்ந்து, யாழ்ப்பாணம் திரும்பிவந்து, ரவுணில் தையல்கடை வைத்திருப்பவர். அவர் வாங்கிய வண்டியின் ஹெட்டை முன்னைய சொந்தக்காரர் யாரோ தேய்த்துத் தேய்த்துத் தகடாக்கியிருந்தார். நான் மூன்று அளவில் டோம் கடைந்து ஒவ்வொன்றாகப் பூட்டினேன். ஆகச் சின்னக் குழியைப் போட்டதும் நானா மானிப்பாய் றோட்டில் ஒரு பறப்புப் பறந்து வந்து, "இதுதான் தம்பி, சத்தமே இல்லை" என்றார். எனக்கோ வாசல் படலையடியிலேயே கச்சான் குலுங்குகிறது கேட்டது. வருஷக்கணக்காகத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து அவருடைய காது பாதி போய்விட்டது; அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்த நாள் மனைவி பர்சானாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று டோமையும் மாற்றி மாற்றிப் பூட்ட, மூன்று தரமும் பின்சீற்றிலிருந்து கண்ணை மூடிக் கேட்டார். முதலாவதுக்கு வேண்டாமென்று தலையை ஆட்டினார், இரண்டாவதுக்கு உதட்டைப் பிதுக்கினார், ஆகப் பெரிய குழி வந்தபோது கண்ணைத் திறந்து "இதைப் போடுங்க" என்றார். நான் வைத்த கணக்கும் அதுவேதான். நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "எஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். பர்சானா அக்கா சாவகாசமாக இறங்கினார். "முப்பது வருஷமா உங்கட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன், எது நல்ல சத்தம், எது வெடிக்கப்போற சத்தம் எண்டு எனக்குத் தெரியாதா?"

மச்சானும் மச்சானும்

குருநகர் அந்தோனி அண்ணைக்குக் கோயில் திருநாள் படகுப் போட்டியில் ஒரேயொரு ஆளை வெல்ல வேண்டும்: மனைவியின் தம்பி செல்வம். அந்தோனி அண்ணையின் வெளியிணைப்பு எஞ்சின் தொழிலுக்கு மண்ணெண்ணெயில் ஓடுவது. போட்டிக்கு மட்டும் பெற்றோல். "ஹெட்டைச் சுரண்டி விடு, ஒரு நாளைக்குத்தானே" என்றார். நான் மறுத்தேன். தொழிலுக்குரிய ஹெட்டைத் தொடாமல், பெற்றோலுக்கென்று இன்னொன்றைக் கடைந்து கொடுத்தேன். அதிலும் ஆபத்தில்லாத அளவுக்குத்தான். செல்வம் வேறெங்கோ கொடுத்து, கடைசி மயிரிழை வரைக்கும் சுரண்டுவித்திருந்தான் என்று கேள்விப்பட்டு அண்ணை என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

போட்டியன்று நானும் கரையில் நின்றேன். செல்வத்தின் படகு அம்பு மாதிரிப் போனது. பாதி வழியில் ஒரு வெடிச்சத்தம், புகை, எஞ்சின் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று படகை, கடலில் நட்டிருந்த களங்கண்ணி வலைத் தடிகளின் பக்கம் தள்ளத் தொடங்கியது. பின்னால் வந்த அந்தோனி அண்ணை இப்போது முதலாவது. முன்னால் முடிவுக் கொடி, நூறு பாகத் தூரம்கூட இல்லை. கரையில் அவருடைய மனைவி நெஞ்சில் கைவைத்து நின்றார். அண்ணை கொடியைப் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். படகைத் திருப்பினார்.

மற்றப் படகுகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, மச்சானைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கடைசியாக வந்தார். வென்றவனுக்குக் கிடைக்காத கைதட்டல் அவருக்குக் கிடைத்தது. செல்வம் தலை குனிந்தபடி இறங்கி, அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். வேகத்தைக் குறைத்துக் கடைந்து முதலிடத்தைக் கெடுத்தது நான்தானோ என்று தயங்கித் தயங்கிக் கிட்டப் போனேன். அண்ணை நனைந்த கையால் என் தோளில் ஓங்கித் தட்டினார்: "வெண்டிருந்தால் ஒரு கிழமை கதைப்பாங்கள், இனி உவன் சாகுமட்டும் நான் கதைப்பன்!"

வல்லைவெளி

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் பாவம். அக்காவின் மகனுக்கு நெல்லியடியில் கலியாணம். தாலிக்கொடியைக் கொண்டுபோகிற பொறுப்பு எங்களுக்கு. என் மனைவி சாந்தி அதைக் கைப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் ஏறினாள். முதல் நாள்தான் நான் என் வண்டிக்கு ஆகச் சின்னக் குழி போட்டிருந்தேன். வேறு காரணமில்லை, ஆசை. வல்லைவெளியில் எதிர்க்காற்று. நானும் விடவில்லை, முழுதாக முறுக்கினேன். இரண்டு பக்கமும் உப்புத்தரை, நடுவில் றோட்டு, அதற்கும் நடுவில் "கிறீச்" என்று பிஸ்டன் இறுகிப்பிடித்து நின்றது என் வண்டி.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம். அக்கா மூன்று தரம் போனில் கூப்பிட்டுவிட்டார். சாந்தி றோட்டின் நடுவில் போய் நின்று கையை நீட்டினாள். வெங்காயம் ஏற்றிவந்த லொறி ஒன்று நின்றது. வண்டியை மூட்டைகளுக்கு மேலே தூக்கிப் போட்டு, நாங்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, நாதஸ்வரம் கேட்கிற நேரத்தில் மண்டபத்தில் இறங்கினோம். ஐயர் கொடியை வாங்கினார், கெட்டிமேளம் முழங்கியது, மாப்பிள்ளை கட்டினான். எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பாசத்தாலா, எங்கள் உடுப்பிலிருந்த வெங்காயத்தாலா என்று நான் விசாரிக்கவில்லை. சாந்தி அட்சதையைத் தூவிவிட்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் என் காதருகே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப்போட்டு, எங்கடை வண்டிக்கு மட்டும் உங்கடை இருபது வயதைக் கொண்டந்து பூட்டினனீங்களோ?"

ஆகவே சகபாடிகளே, செற்றில் கிடைக்கிற பெற்றோலுக்கு ஏற்ற ஹெட்டைக் கடைவது அரைநாள் வேலை. அதுதான் ஏற்றது என்று ஆளைச் சம்மதிக்க வைப்பது மிச்ச ஆறரை நாள் வேலை.