கதவைத் திறந்து போட்ட லயம்

வாடகைக்குப் புத்தகம் விடுகிற தொழிலில், போன புத்தகம் திரும்பி வராதது ஒன்றுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன், மலாயாவில் அவசரகாலம் வரும்வரை. மலாக்கா டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுகளுக்குப் போவேன். வாசலுக்கு வாசல் அடையாளக் கார்டை நீட்டி நின்றவர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியாததா?

கேட்டில்

ஆயர் குரோ பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். கேட்டில் நின்ற ஸ்பெசல் போலீஸ் மாணிக்கம் நம்ம ஆள்தான். ஆனாலும் சைக்கிள் டயரைக்கூட அமுக்கிப் பார்ப்பார். அன்று பெட்டியில் மேலாகக் கிடந்த நாவலைத் தூக்கி, என்ன கதை என்று கேட்டார். எதிர்காலத்தில் ஒரு நாடு. யார் என்ன தின்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று சர்க்கார் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றேன். என் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்:

"இத காசு குடுத்து வேற படிக்கிறாங்களா? இங்க வந்து ஒரு நாளு நில்லு லா, சும்மாவே பாக்கலாம்."

பால் டின்

அந்த நாவலை எடுத்தவன் கோவிந்தன். பால்மரம் வெட்டுகிறவன், கணீரென்ற குரல். வாரா வாரம் சாயந்தரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து, லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுவான்.

அடுத்த வாரம் அவன் மனைவி அஞ்சலை இடுப்பில் குழந்தையும் கையில் பால் டின்னுமாக எதிரே வந்தாள். சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதென்று, கடையிலேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பால் கெட்டுப் போகுமுன் குழந்தைக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய அவதி அவளுக்கு. கதை பிடித்திருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அண்ணே, அந்தக் கதையில வர்ற சர்க்காரு பால் டின்னுல ஓட்ட போடுதா? இல்லயா? அப்ப அது நல்ல சர்க்காருண்ணே."

உத்தரவு

அதற்கடுத்த வாரம் லயத்துக்குள் நுழைந்ததும் சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டேன். ஒரு வீட்டுக் கதவுகூட மூடியில்லை. சிலர் தாழ்ப்பாளையே கழற்றியிருந்தார்கள். புடவை மாற்றுகிற பெண்ணுக்கு இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் இதுதான். நாவலில் ஒரு அத்தியாயம், 'இன்று முதல் எவரும் கதவை மூடக் கூடாது' என்ற அரசாணையோடு தொடங்குகிறது. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கொடுக்கும் நிஜ உத்தரவுகளை அதே களத்தில் வாசிப்பவனும் கோவிந்தன்தான். குழாயடியில் நின்றவர்களுக்கு அந்த ஒரு வரி மட்டும் கேட்டது, போதாதா? லயம் முழுக்கப் பரவிவிட்டது. அவன் வீடு வீடாகப் போய்க் கதை, கதை என்று கத்தியும் பயனில்லை. நானும் அவன் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனிடம் சத்தியம் செய்து பார்த்தேன். அவர் கதவைத் தொடவில்லை.

"மொதல்ல வேலி, அப்புறம் அரிசிக்கு அளவு, அப்புறம் டின்னு. எல்லாம் நெசம், இது மட்டும் கதைன்னா எப்படி தம்பி நம்புறது?"

ஸ்டேஷன்

பொய் உத்தரவு பரப்பினான் என்று மறுநாளே கோவிந்தனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களை விசாரணையின்றி உள்ளே வைப்பார்கள், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அஞ்சலை குழந்தையோடு டவுனில் என் புத்தகக் கடைக்கே வந்து அழுதாள். புத்தகம் என்னுடையது என்று சொல்லப் போனேன். ஸ்டேஷன் வாசலில் கோவிந்தனே எதிரே வந்தான். அடி இல்லை, காயம் இல்லை, முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை. எப்படி விட்டார்கள் என்று கேட்டேன்.

"புத்தகத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கலண்ணே. கதவத் தொறந்து போட மாட்டேன்னு ஒருத்தனாச்சும் சொன்னானான்னு இன்ஸ்பெக்டரு கேட்டாரு. இல்லைங்கன்னேன். சந்தோசமா எழுதிக்கிட்டு, வீட்டுக்குப் போன்னுட்டாரு."

அன்றிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு நான் பேய்க்கதை மட்டும்தான் கொண்டுபோனேன். பேய் நம்மைப் பயமுறுத்துமே தவிர, நாம் எவ்வளவு பயந்தோம் என்று குறித்து வைத்துக்கொள்ளாது.