பத்தாவது விதியும் பழவேற்காட்டுக் காற்றும்

காலை 6.30. சென்னை சென்ட்ரலில் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். பையில் ஓர் ஒப்பந்தம். பழவேற்காட்டில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் எங்கள் அறக்கட்டளையும், ஏரிக்கு அக்கரையிலுள்ள குப்பத்து மீனவப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் சங்கமும் இனிச் சரிசமக் கூட்டாளிகள் என்றது அது. எழுதியவன் நான்தான். பத்தாவது விதிமேல் எனக்குத் தனிப் பெருமை: பிள்ளை மாதத்தில் ஐந்து நாள் வகுப்புக்கு வராவிட்டால் தாய்க்குக் கடன் கிடையாது.

பொன்னேரியில் இறங்கி, பதினெட்டு கிலோமீட்டர் பஸ். 8.40க்குப் பழவேற்காடு. ஒன்பது மணிக்குக் குப்பத்தில் கூட்டம். படகுக்காரர் ரமேஷோ எஞ்சினைத் தொடவே இல்லை.

“இன்னா அவசரம் சார்? காத்து இந்த அடி அடிக்குது. கம்முனு டீ சாப்புடு.”

மூன்று டீ ஆயிற்று. அக்கரை சேர்ந்தபோது மணி 11.15, சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர்.

சங்கத் தலைவி தேவகியும் பன்னிரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். விதிகளைப் படித்துக் காட்டினேன். பத்தாவது வந்ததும் செல்வி என்பவர் எழுந்தார். நண்டு வலை வாங்கக் கடன் கேட்டிருப்பவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் போன மாதம் ஆறு நாள் வகுப்புக்கு வரவில்லை.

“காத்துல படகு ஓடல சார். பொண்ணு நீஞ்சியா போவும்? வலை இல்லன்னா அவள நான் எப்டிப் படிக்க வெப்பேன்?”

விதி என்றால் விதிதானே என்று தொண்டையைக் கனைத்தேன். தேவகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்போது மணிக் கூட்டத்துக்கு நீங்க எத்தினி மணிக்கு வந்தீங்க? உங்க சட்டப்படி இன்னிக்கு நீங்களும் ஆப்சென்ட்டு சார்.”

அறை முழுக்கச் சிரிப்பு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தேவகியே என்னைக் கரையேற்றினார்.

“ஏரில எங்க ஆம்பளைங்க பாடுன்னு ஒரு ஏற்பாடு வெச்சிக்கினு கீறாங்க. சீட்டுப் போட்டு, யார் முறையோ அவங்கதான் அந்த எடத்துல வலை கட்டணும். பெரியவன் சின்னவன்லாம் இல்ல. சட்டம் எழுதறதுக்கும் அப்டி ஒரு பாடு வெச்சா இன்னா? ஒரு வருசம் நாங்க, ஒரு வருசம் நீங்க.”

‘சரிசமம்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். அதற்கு இப்படி ஒரு வழி உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. இரு தரப்புக்கும் பொதுவான ஆள் ரமேஷ். அவரே சீட்டு எடுத்தார். முதல் பாடு சங்கத்துக்கு விழுந்தது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பத்தாவது விதியை அடித்துவிட்டு, தேவகி சொல்லச் சொல்ல எழுதினேன்: படகு ஓடாத நாள் கணக்கில் வராது. மற்ற நாளில் பிள்ளை வராவிட்டால், தரப்புக்கு ஒருவராக இருவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்க வேண்டும். அதன்பிறகே கடனைப் பற்றிய எந்தப் பேச்சும். அடுத்த காகிதம் செல்வியின் கடன் மனு. தேவகியும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். மதியம் அவர்கள் போட்ட நண்டுக் குழம்பு வயிற்றில் கனத்தது. செல்வி படகைத் தள்ளிவிட்டார்.

“அடுத்த வருசம் உங்க பாடு சார். காத்தடிச்சா லேட்டாவே வாங்க. நீங்க வராம ஆரம்பிக்க மாட்டோம்.”

சென்னையில் எங்கள் கூட்டங்கள் பத்து மணிக்கு டாண் என்று தொடங்கிவிடும். யாருக்காகவும் நாங்கள் காத்திருந்ததே இல்லை.